ஒன்றும் கொடுக்காத பாத்தி

மூன்று பாத்திகளில் எது மஞ்சளித்துச் சோர்ந்து நிற்க வேண்டுமோ, அதுதான் கரும்பச்சையாக நின்றது.

அபோண்டி முதலில் தான்தான் திசை மாறிப் பார்ப்பதாக நினைத்தாள். மூலைக்குச்சிகளில் கட்டியிருந்த துணிகளை மறுபடி பார்த்தாள். நுண்ணுயிர்ப் பொடி தடவிய விதை போட்ட பாத்திக்கு நீலத்துணி. உரம் இட்ட பாத்திக்குச் சிவப்பு. எதுவுமே கொடுக்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா விட்ட பாத்திக்கு வெள்ளை. மார்ச் மாதம் அந்தத் துணிகளைக் கட்டியதே அவள்தான். வெள்ளைத்துணிப் பாத்தியில் சோயா அவள் மார்பு உயரத்துக்கு வளர்ந்து, இலைகள் எண்ணெய் தடவியதுபோல மினுங்க, காற்றே இல்லாத அந்தப் பிற்பகலில் அசையாமல் நின்றது.

"மேடம், ஒன்னுமே குடுக்காததுதான் நல்லா வந்திருக்கு போல," என்றான் ஒதுவோமா. அவள் வேலை செய்யும் ஆராய்ச்சி நிலையத்தின் மோட்டார் சைக்கிளை ஓட்டுகிறவன் அவன். "எங்கப்பா என்னையும் இப்படித்தான் வளர்த்தார். ஒன்னும் குடுக்கல. பாருங்க, எவ்வளவு ஜோரா இருக்கேன்."

"போய் டீ குடிச்சிட்டு வா."

"சிரிக்கக் கூட மாட்டேங்கிறீங்களே. சரி, கடைத்தெருவுல இருக்கேன். மழைக்கு முன்னாடி வந்துருவேன். இந்தக் கரிசல்ல மாட்டுனா வண்டிய நம்மதான் சுமக்கணும்."

வண்டிச் சத்தம் சரிவில் இறங்கி, கள்ளிவேலிகளுக்குப் பின்னால் தேய்ந்து மறைந்தது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஏரிப்பக்கமிருந்து மீன் காயும் வாசனை மெல்ல வந்துகொண்டிருந்தது. மேற்கே மேகம் ஈயம்போல இறங்கியிருந்தது. பக்கத்து வீடுகளில் கோழி கூவவில்லை, யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

ஆச்சரியமாவது வர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வரவில்லை. ஜனவரிக்குப் பிறகு அவளுக்கு எதுவும் வருவதில்லை. கிசுமு ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பிறந்த குழந்தை அழவில்லை. நர்ஸ் அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், எல்லோரும் அந்த அழுகைக்காகக் காத்திருந்தார்கள், கடைசிவரை அது வரவில்லை. அதன் பிறகு இரண்டு வாரம் யாருக்கும் பயனில்லாமல் பால் மட்டும் சுரந்தது. பிறகு அதுவும் நின்றது. அவள் வேலைக்குத் திரும்பியபோது தைரியசாலி என்றார்கள். தைரியம் ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம்போல உடம்பு முழுக்க ஆகிவிட்டிருந்தது, அவ்வளவுதான். கை வேலை செய்தது. வாய் உகாலிக் களியை மென்றது.

அவள் மண்வெட்டியை எடுத்தாள்.

நீலத்துணிப் பாத்தியில் செடி சுலபமாக வந்தது. வேரைத் தண்ணீரில் அலசினாள். கழுத்தை ஒட்டிக் கொத்துக் கொத்தாக முடிச்சுகள், கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை. ஒன்றை நகத்தால் கீறினாள். உள்ளே இளஞ்சிவப்பு. முடிச்சுக்குள் குடியிருக்கும் உயிர்கள் காற்றிலிருந்து சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன, செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று வாழவைக்கின்றன என்பதற்கு அந்த நிறம்தான் அடையாளம். அதைக் காட்டினால் விவசாயிகள் எப்போதும் "ரத்தம் மாதிரி இருக்கே" என்பார்கள். அவளும் எப்போதும் "ஆமா, கிட்டத்தட்ட அதேதான்" என்பாள்.

வெள்ளைத்துணிப் பாத்தியில் செடி வரவில்லை. சுற்றிலும் தோண்டி, தண்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பூமிக்கு உள்ளிருந்து யாரோ மறுமுனையைப் பிடித்திருப்பதுபோல அது திரும்ப இழுத்தது. முழங்காலிட்டு மண்ணை விலக்கினாள். சோயாவின் வேர் நேராகக் கீழே போகும், இது போகவில்லை. ஒரு சாண் ஆழத்தில் மடங்கி, விரல் தடிமனில், ஒரே பக்கமாக ஓடியது. பக்கத்துச் செடியைத் தோண்டினாள். அதன் வேரும் அதே பக்கம். அதற்கடுத்ததும் அப்படியே. பாத்தி முழுக்க எல்லா வேர்களும், மந்தை மாடுகள் தண்ணீருக்குத் திரும்புவதுபோல, வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

அவள் ஒரு வேரை மட்டும் பிடித்துக்கொண்டு மண்ணைக் கீறியபடியே நகர்ந்தாள். பாத்தியைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டி, காய்ந்த சோளத்தட்டைகள் குவித்திருந்த இடத்தைத் தாண்டி. போகப்போக முடிச்சுகள் பெருத்தன. நிலக்கடலை அளவு. பிறகு புறாமுட்டை அளவு. ஒன்றைக் கத்தியால் கீறினாள். இளஞ்சிவப்பு இல்லை. கறுத்த சிவப்பு, கெட்டியாக, அவள் கட்டைவிரல்மேல் வழிந்தது.

வெதுவெதுப்பாக இருந்தது.

மண் குளிர்ந்திருந்தது. அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். இரும்பு வாசனை. அதற்கடியில் இன்னொன்று, வெகுநேரம் ஒருவர் படுத்தெழுந்த படுக்கையின் வாசனை.

இப்போது பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. காத்திருந்தாள். வரவில்லை. அது வராததுதான் எங்கோ ஆழத்தில் மெல்லிய குளிராக உறுத்தியது.

"அத இழுக்காத, அலேகோ ஊர்க்காரி. அவருக்கு உறைக்கும்."

வீட்டின் மூலையில் பெர்பெத்துவா நின்றுகொண்டிருந்தாள். நிலத்துக்குச் சொந்தக்காரி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. மார்ச்சில் பார்த்தபோது கண்ணுக்குக் கீழே இரண்டு கருவளையங்களோடு, நின்றபடியே தூங்கி விழுகிறவளாக இருந்தாள். இப்போது முகம் தெளிந்து, நன்றாகத் தூங்கி எழுந்தவள்போல இருந்தாள்.

"யாருக்கு உறைக்கும், அக்கா?"

"வீட்டுக்காரருக்கு." வானத்தைப் பார்த்தாள். "உள்ள வா. நனைஞ்சிருவ. அவரும் உன்னப் பார்த்து எவ்வளவு நாளாச்சு."

மழை அவள் சொன்னதற்காகவே காத்திருந்ததுபோலக் கொட்டியது. அபோண்டி சேறு அப்பிய பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனாள்.

தகரக்கூரையில் மழை அறைய, வீடு முழுக்க அந்த ஒற்றை இரைச்சல் நிரம்பியிருந்தது. ஜன்னலில் சாக்குத் தொங்கியது. கண் பழகக் கொஞ்சநேரம் ஆயிற்று. முதலில் வெள்ளையாக ஒரு சட்டை தெரிந்தது, பிறகு நாற்காலி, அதன்பிறகுதான் அதில் உட்கார்ந்திருந்த பெர்பெத்துவாவின் கணவர் ஒம்பேவா. சர்க்கரை வியாதி அவருக்கு. கால் புண் அழுகி, வலியில் துடித்துக்கொண்டிருந்தவர். மார்ச்சில் அவள் விதை போட வந்த அன்று முழுநாளும் அவர் கத்துகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் வேலை செய்தாள். புண்ணின் நாற்றம் அன்று வாசல்வரை வந்தது. இப்போது அந்த நாற்றமே இல்லை. மழை பெய்த தோட்டத்தின் வாசனைதான் இருந்தது.

"வாம்மா தங்கச்சி," என்றார். "கை குடுக்க எந்திரிக்க முடியல. மன்னிச்சுக்கோ."

"உடம்பு எப்படி இருக்குண்ணே?"

"உடம்பா?" சிரித்தார். "உடம்பு இருக்கறதே தெரியல. முந்தி இடுப்பு வரைக்கும் வலி. இப்ப இடுப்பு வரைக்கும் ஒன்னுமே இல்ல."

அவள் குனிந்து பார்த்தாள். கால்சட்டை முழங்கால்வரை மடித்துவிடப்பட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே காலின் பாதி தெரிந்தது. மீதி மண்தரைக்குள் போயிருந்தது. குழி தோண்டிப் புதைத்ததுபோல இல்லை. தரை அவர் காலைச் சுற்றி வழவழவென்று, மரத்தடியில் மண் ஏறியிருப்பதுபோல ஏறியிருந்தது. தோலுக்கும் மண்ணுக்கும் நடுவே வெள்ளை வெள்ளையாக, பஞ்சைவிட மெல்லிய இழைகள்.

"குரங்கு சோயாவத் தின்ன வருதுன்னு பாத்தியோரம் காவலுக்கு உட்கார வெச்சேன்," என்றாள் பெர்பெத்துவா. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். "புண்ணு காலு மண்ணுல பட்டுச்சு. அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வரமாட்டேன்னுட்டார். இங்க வலிக்கலடீங்கிறார். நான் தரதரன்னு இழுத்துட்டு வந்தேன். ராத்திரி பூரா கத்து. மறுநாள் நானே கொண்டுபோய் உட்கார வெச்சேன். அப்புறம் அதுவே வீடு தேடி வந்துருச்சு. சொவத்துக்கு அடியில."

"அக்கா, ஆஸ்பத்திரிக்கு..."

"அங்க கால வெட்டணும்னாங்க. இங்க யாரும் எதையும் வெட்டல."

"சாப்பிடறாரா?"

"அது பார்த்துக்குது."

ஒம்பேவா தலையை ஆட்டினார். "நீங்கதான் தங்கச்சி எல்லாத்துக்கும் காரணம். மத்த ரெண்டுக்கும் தீனி போட்டீங்க. இதுக்கு ஒன்னுமே போடல. அதுவா தேடிக்கிச்சு. நானும் எனக்கு வேண்டியதத் தேடிக்கிட்டேன். அது எடுக்குது, நான் எடுத்துக்கறேன். யாருக்கு நஷ்டம்?"

அவர் முழங்கால்மேல் அபோண்டி கை வைத்தாள். ஏன் வைத்தாள் என்று தெரியவில்லை. பழக்கம். எதையும் தொட்டு, அழுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தே பழகிய கை. விரல் உள்ளே போயிற்று. நனைந்த ரொட்டியில் போவதுபோல. எடுத்த பிறகும் பள்ளம் பள்ளமாகவே இருந்தது. சட்டையைப் பார்த்தாள். பொத்தான்கள் எல்லாம் ஒழுங்காகப் போடப்பட்டிருந்தன. ஆனால் சட்டைக்குள் ஆள் குறைவாக இருந்தார்.

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"உனக்கும் ஒன்னு போச்சாமே," என்றாள் பெர்பெத்துவா. குரலில் உண்மையான பரிவு இருந்தது. "உன் வண்டிக்காரன் சொன்னான். கேட்டதுலேர்ந்து உன் நெனப்புதான். உட்காரு. சும்மா கொஞ்சநேரம் உட்காரு. நான் ஒன்னும் கேக்க மாட்டேன்."

ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டாள். அபோண்டி உட்கார்ந்தாள். மழை விட்டதும் போய்விடலாம், ஒதுவோமாவோடு திரும்பி வந்து, டாக்டரைக் கூட்டிவந்து, ஏதாவது செய்துவிடலாம் என்று நினைத்தாள். நினைப்பு மெதுவாகத்தான் நகர்ந்தது. பாதத்துக்கடியில் தரை குளிர்ச்சியாக இருந்தது. குளிர்ச்சிகூட இல்லை. இதமாக. மூன்று மணி நேரம் முழங்காலிட்டுத் தோண்டிய இடுப்பு வலி இருந்த இடத்தில் இல்லை. ஜனவரியிலிருந்து தொண்டைக்குழியில் விழுங்க முடியாமல் கிடந்த ஏதோ ஒன்று, அது அங்கே கிடந்ததே இப்போதுதான் தெரிந்தது, உப்புக்கட்டி தண்ணீரில் கரைவதுபோலக் கரைந்துகொண்டிருந்தது. கூரையில் மழைச் சத்தம் தூரமாய்ப் போயிற்று. நன்றாக இருந்தது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு, நன்றாக இருந்தது.

குழந்தையைப் பற்றி நினைத்துப் பார்த்தாள். வலிக்கிறதா என்று பார்ப்பதற்காக.

வலிக்கவில்லை.

துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தார்களே, அந்த முகம். ஒருமுறைதான் பார்த்தாள். மூடிய கண். உதட்டோரம் ஒரு மடிப்பு. அதைக் கண்முன் கொண்டுவர முயன்றாள்.

துணி வந்தது. நர்ஸின் கை வந்தது. முகம் வரவில்லை.

மறுபடி முயன்றாள்.

துணி. துணிக்குள் ஒன்றுமில்லை.

அப்போதுதான் வந்தது பயம். நான்கு மாதமாக வராதது, மொத்தமாக வந்தது. மரத்துப்போய்விட்டேன் என்று இத்தனை நாள் நினைத்தாளே, அது பொய். அந்த மரப்புக்கு அடியில் அந்த முகம் பத்திரமாக இருந்தது. அதை வைத்துக்கொள்ளத்தான் உடம்பு அப்படி இறுகிக் கிடந்தது. இப்போது ஏதோ ஒன்று அதைத் தின்கிறது. மெதுவாக. வலிக்காமல்.

எழுந்தாள். கால் எழவில்லை.

குனிந்து இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். பிய்ந்தது. தலைமுடிக் கற்றையை வேரோடு பிடுங்குவதுபோலப் பொடிப்பொடியாக ஒரு சத்தம். வலி பாதத்திலிருந்து தலைவரை ஓடியது. அவள் கத்தினாள். அதே நொடியில் ஒம்பேவாவும் கத்தினார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய், அவள் முகம் எப்படிச் சுளித்ததோ அப்படியே, அதே பக்கம், அதே அளவு சுளித்தது.

அடுத்த கால்.

இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

வாசலில் விழுந்து எழுந்தாள். உள்ளங்காலில் குண்டூசி முனைபோல எண்ணற்ற சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வெள்ளை இழை தொங்கியது. துடைத்தாள். மழைத்தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். பூட்ஸுக்குள் காலைத் திணித்தாள். ஒவ்வொரு அடியும் எரிந்தது. முகம் திரும்ப வந்தது. மூடிய கண். உதட்டோரம் அந்த மடிப்பு. அவள் விம்மி விம்மி அழுதாள். வலித்தது. வலித்தது. போதும் போதும் என்று வலித்தது.

பெர்பெத்துவா கோபப்படவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போ தாயி. முடியலன்னா எப்ப வேணும்னாலும் வா." பிறகு, ஆறுதலாக: "நீ இங்கதான் வரணும்னும் இல்ல. கேட்டவங்களுக்கெல்லாம் கூடை கூடையா மண்ணு அள்ளிக் குடுத்திருக்கேன். இந்த ஊருல யாரு வீட்டுலதான் வலி இல்ல?"

பாதி வழியில் ஒதுவோமா எதிரே வந்தான். மழை தூறலாகக் குறைந்திருந்தது. சேறு அடைத்துச் சக்கரம் சுற்றாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"என்ன மேடம், பேயடிச்ச மாதிரி? அழுதீங்களா?"

"திருப்பு. வண்டியத் திருப்பு. பூட்ஸக் கழட்டாத. எங்கயும் கழட்டாத."

"இந்தச் சேத்துல எவன் கழட்டுவான்?" என்றவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். வண்டியைத் திருப்பினான். இருவரும் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கினார்கள்.

வரும்போது அவள் வேலிகளைத்தான் பார்த்திருந்தாள். இப்போது வேலிகளுக்கு உள்ளே பார்த்தாள்.

முதல் வீடு. சுவரோரமாக ஒரு பாய் அகலத்துக்குக் கரும்பச்சை. அதன் நடுவே ஒரு கிழவர், மழையில் நனைந்தபடி, உட்கார்ந்திருந்தார். அவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். மெதுவாக.

இரண்டாவது வீடு. கரும்பச்சை. இரண்டு பெண்கள், அக்காள் தங்கையாக இருக்கலாம், தோளோடு தோள் சாய்ந்து.

மூன்றாவது வீடு.

நான்காவது.

"எவ்வளவு அமைதியா இருக்காங்க பாருங்க," என்றான் ஒதுவோமா. "எங்க தெருவுல ஒரு நாளாவது இப்படி இருக்குமா?"

அவள் வண்டியை இன்னும் வேகமாகத் தள்ளினாள். தள்ளு. தள்ளு. ரோட்டுக்குப் போனால் போதும்.

அப்போது ஒரு குழந்தை அழுதது.

சரிவின் கடைசி வீடு. பிறந்து சில வாரங்களே ஆன குரல். மூச்சுக்கு மூச்சு உடைந்து, திணறி, மறுபடி உச்சத்துக்குப் போகிற அழுகை. அந்த ஊரிலேயே சத்தமாக இருந்தது அது ஒன்றுதான். அபோண்டியின் வற்றிய மார்பில் சுருக்கென்று குத்தியது. கிசுமுவில் அந்த அறையில் எல்லோரும் காத்திருந்தது இந்தச் சத்தத்துக்குத்தான். அவள் நின்றுவிட்டாள். அழட்டும் என்று நினைத்தாள். நன்றாக அழட்டும்.

கதவு திறந்தது. சின்னப் பெண் ஒருத்தி, இருபது வயது இருக்காது, தூக்கமில்லாத கண்ணோடு, குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே வெளியே வந்தாள். வயிற்றுவலியாக இருக்கும், குழந்தை காலை உதைத்து முறுக்கியது. அவள் சுவரோரமாக நடந்தாள். கரும்பச்சையை நோக்கி.

"வேண்டாம்!"

அபோண்டி வண்டியை விட்டுவிட்டு ஓடினாள். சேறு பூட்ஸைப் பிடித்தது. "வேண்டாம்! அழட்டும்! அழ விடு!"

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். புரியாமல் லேசாகச் சிரித்தாள். செடிகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இலைகள் அவளை மறைத்தன.

அழுகை நின்றது.

குறையவில்லை. தேம்பி அடங்கவில்லை. பாதியில் அறுந்து நின்றது.

பெண் எழுந்தாள். முகத்தில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டாள், இரண்டு கைகளாலும். இரண்டு கைகளும் காலியாக இருந்தன. கொட்டாவி விட்டபடி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

இலைகள் விலகின. காற்று இல்லை.

கழுத்தே நிற்காத குழந்தை, யாரும் பிடிக்காமல், நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.